மாடி அறையில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை

மும்பையிலோ டில்லியிலோ பெங்களூரிலோ நாம் குடியிருக்கும் கட்டடத்தைச் சுற்றி, இரவெல்லாம் தடியைத் தட்டிக்கொண்டு வரும் நேபாளிக் காவல்காரரை நமக்கெல்லாம் தெரியும். எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று நம்மில் எத்தனை பேர் அவரைக் கேட்டிருப்போம்? கேட்டால் ஸ்யாங்ஜா, பர்பத், லம்ஜுங் என்று ஏதாவது ஒரு மலை மாவட்டத்தின் பெயரைச் சொல்வார். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய இரண்டடுக்கு வீடு ஒன்று அங்கே அவருக்கு இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு அவர் படுத்திருந்த மாடி அறை காலியாகக் கிடக்கும். அந்த அறையில் இன்று ஓர் அமெரிக்க வாலிபர் பாய் விரித்துப் படுத்திருக்கவும் கூடும்.

இது கதையல்ல. கென்னடி அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தபோது, 1961-ஆம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி ‘பீஸ் கோர்’ என்ற சமாதானத் தொண்டர் படையைத் தொடங்கி வைத்தார். பெயரில்தான் படை இருக்கிறது, துப்பாக்கி கிடையாது. அமெரிக்கர்கள் ஏதாவது ஒரு வெளிநாட்டுக்குப் போய், அந்த ஊர்க்காரர்களைப்போல் சொற்பச் செலவில் வாழ்ந்து, பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பது, விவசாயத்துக்கு ஒத்தாசை செய்வது போன்ற வேலைகளை இரண்டு வருஷம் செய்ய வேண்டும். அதற்கு முன் சுமார் மூன்று மாதம் பயிற்சி. இதுவரை 140-க்கு மேற்பட்ட நாடுகளுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் பேர் இப்படிப் போய் வந்திருக்கிறார்கள்.

இந்தியாவுக்கும் வந்தார்கள். 1961-லிருந்து 1976 வரை இந்தத் தொண்டர்கள் இங்கே வேலை செய்தார்கள். மும்பை விக்ரோலிவாசிகளில் வயதானவர்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மாளை நினைவிருக்கலாம். 1966-ல், 68 வயதில், நர்ஸ் வேலைக்கு வந்து, கோத்ரெஜ் குடியிருப்பின் வைத்தியசாலையில் பணியாற்றிவிட்டு 1968-ல் ஊர் திரும்பினார். பெயர் லில்லியன் கார்ட்டர். 1977-ல் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற ஜிம்மி கார்ட்டரின் தாயார்தான் அவர்.

நேபாளத்துக்கு இந்தத் தொண்டர்கள் முதன்முதலில் வந்தது 1962-ல். மாவோயிஸ்டு சண்டை மும்முரமாக இருந்த 2004-ல் நிறுத்தப்பட்ட வேலை 2012-ல் மறுபடியும் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது உலகம் முழுவதிலும் இருந்த சுமார் 7 ஆயிரம் தொண்டர்களையும் ஒரே மூச்சில் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நேபாளத்துக்கு மறுபடியும் வரத் தொடங்கினார்கள்.

இந்தத் திட்டத்தால் எத்தனை பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் கிடைத்தார், எத்தனை தோட்டம் வளர்ந்தது என்ற கணக்கை வேறு யாராவது எழுதட்டும். நமக்கு சுவாரசியமானது வேறு விஷயம். நேபாளத்துக்கு வருகிற தொண்டர் ஓட்டலிலோ விடுதியிலோ தங்குவதில்லை. ஒரு குடும்பத்தோடு, அவர்கள் வீட்டுக்குள்ளேயே தங்குகிறார். பிறந்த ஊரை விட்டு, பாஷை தெரியாத இடத்தில் ஒரு மூலையைப் பிடித்துக் குடித்தனம் போட்ட நம்மைப் போன்றவர்களுக்கு, அந்த முதல் மூன்று மாதம் எப்படிப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். நாம் பிழைக்க வந்தோம். அவர் உதவி செய்ய வந்திருக்கிறார். உதவி செய்ய வந்தவருக்குச் சாப்பிடக்கூடச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இதிலே வேடிக்கை.

ஆறு வயது வாத்தியார்

முதல் நாள் மாலை போட்டு, நெற்றியில் சிவப்புத் திலகம் வைத்து வரவேற்கிறார்கள். வீட்டுக்குள் நுழையும்போதே முதல் பாடம் தொடங்கிவிடும். மலை வீடுகளின் வாசல் நிலை மிகவும் தாழ்வு. ஆறடி உயரத்துக்கு வளர்ந்த அமெரிக்கர்களில் அந்த நிலையில் தலையை இடித்துக்கொள்ளாதவர் இல்லை. குடும்பமே ‘ஐயோ’ என்று ஓடிவரும். குழந்தைகள் மட்டும் சிரிக்கும்.

அடுத்த பாடம் உறவுமுறை. வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அம்மாவுக்கு ‘ஆமா’, அப்பாவுக்கு ‘புவா’, அக்காவுக்கு ‘திதி’, தம்பிக்கு ‘பாயி’, தங்கைக்கு ‘பஹினி’. அண்ணனை ‘தாய்’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். நாம் ‘நீ’, ‘நீங்கள்’ என்று இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். நேபாளியில் ‘தம்’, ‘திமி’, ‘தபாயி’, ‘ஹஜுர்’ என்று படிப்படியாக மரியாதை ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் வினைச்சொல்லின் முடிவும் மாறும். எல்லோரையும் ஒரே ‘யூ’வில் அடக்கிப் பழகிய வாலிபர், வீட்டுப் பெரியவரைப் பார்த்துக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசிவிடுவார். ஆட்டுக்குட்டியிடம் ‘தாங்கள் நகர்ந்து கொள்ளுங்கள்’ என்பார்.

பகலில் வகுப்பு வைத்து நேபாளி ஆசிரியர்கள் இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் உண்மையான வாத்தியார் வீட்டிலிருக்கும் ஆறு வயதுக் குழந்தைதான். பெரியவர்கள் மரியாதைக்காகத் தப்பைத் திருத்த மாட்டார்கள். புரிந்ததுபோல் தலையாட்டி விடுவார்கள். குழந்தைக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து, ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லும்வரை விடாது. பட்டம் வாங்கிய 23 வயது வாலிபரை ஒன்றாம் வகுப்புப் படிக்கும் வாண்டு உருட்டி எடுக்கும்.

‘நன்றி’ என்ற சொல்லும் ஒரு சங்கடம். தண்ணீர் கொடுத்தால் நன்றி, சோறு போட்டால் நன்றி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர் அவர். நேபாளியில் ‘தன்யவாத்’ என்ற சொல் இருந்தாலும் வீட்டுக்குள் யாரும் அதைப் புழங்குவதில்லை. நம் வீட்டில் மட்டும் சோறு போட்ட அம்மாவுக்கு யார் நன்றி சொல்கிறோம்? வேளைக்கு நாலு முறை இவர் தன்யவாத் சொல்லச் சொல்ல, ஆமாவுக்கு இவர் இன்னும் வேற்று மனிதராகவே இருக்கிறார் என்றுதான் படும்.

எச்சில்

அமெரிக்கர் தடுமாறுகிற, ஆனால் தமிழர்களுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடுகிற விஷயம் ‘ஜூட்டோ’. நம்முடைய எச்சில்தான் அது. வாய் பட்ட தம்ளர், கடித்த ஆப்பிள், சாப்பிட்ட கையால் தொட்ட கரண்டி எல்லாம் ஜூட்டோ. சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்க வேண்டும். முதல் வாரம் தண்ணீர் பாதி வாய்க்குள்ளும் பாதி சட்டைக்குள்ளும் போகும். இடது கையால் கொடுக்கக் கூடாது, உட்கார்ந்திருப்பவரைத் தாண்டக் கூடாது, அடுப்பின் பக்கம் காலை நீட்டக் கூடாது. நமக்கு இதெல்லாம் பாட்டி சொல்லாமலே தெரிந்தவை.

ஆனால் இதன் அடியில் இன்னொரு கதை இருக்கிறது. 1854-ல் ஜங் பகதூர் ராணா நேபாளத்துக்கு ‘முலுகி ஐன்’ என்ற சட்டப் புத்தகத்தை இயற்றினார். நாட்டில் உள்ள ஜாதிகளையெல்லாம் அந்தச் சட்டம் படிக்கட்டாக அடுக்கியது. வெள்ளைக்காரர்களுக்கும் அதில் ஒரு படி உண்டு. அவர்கள் மிலேச்சர்கள், தொட்டால் தீட்டு இல்லை, ஆனால் அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. ஜாதிப் பாகுபாட்டுக்குச் சட்டத்தில் இருந்த இடத்தை நீக்கிய புதிய முலுகி ஐன், மகேந்திர மன்னர் காலத்தில் 1963-ல்தான் வந்தது. அதாவது முதல் அமெரிக்கத் தொண்டர்கள் 1962-ல் நேபாளத்தில் இறங்கியபோது பழைய சட்டம்தான் அமலில் இருந்தது. உலகத்திலேயே பெரிய பணக்கார நாட்டிலிருந்து உதவி செய்ய வந்தவர்கள், சட்டப் புத்தகத்தின்படி சமையலறைக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள்!

சட்டம் போனாலும் வழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. மலையில் உள்ள ஆசாரமான பிராமணக் குடும்பங்களில், அடுப்பு இருக்கும் இடத்துக்கு வெளியார் வருவதை இன்றும் விரும்பாதவர்கள் உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவ எழுந்திருக்கும் தொண்டரை, ‘இருங்கள், நான் எடுக்கிறேன்’ என்று ஆமா தடுப்பாள். அது உபசாரமா, விலக்கா என்று அவருக்குப் புரியாது. சில சமயம் ஆமாவுக்கே தெரியாமல் இருக்கலாம். ஓரிரு மாதம் கழித்து ஒரு மழை நாளில், ‘உள்ளே வந்து அடுப்பண்டை உட்கார்’ என்று அவளே கூப்பிடுவதும் நடக்கிறது. கடைசிவரை கூப்பிடாத வீடும் உண்டு. குரூங், மகர் போன்ற இனத்தவர் வீடுகளில் இந்தக் கெடுபிடி குறைவு.

ஜாதியின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர்களின் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்த தொண்டரை, தங்கியிருக்கும் வீட்டில் ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். இங்கே அவர் என்ன செய்வது? வந்த நாட்டின் வழக்கத்துக்கு மரியாதை கொடு என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். எந்த வழக்கத்துக்கு, எவ்வளவு தூரம் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லிவிட முடியாது. என்னைக் கேட்டால், சண்டை போடாமல், அதே சமயம் டீயையும் நிறுத்தாமல், தினமும் போய்க் குடித்துவிட்டு வருகிறவர்தான் கெட்டிக்காரர்.

பெண் தொண்டர்களுக்கு இன்னொரு சங்கடம். மாதத்தில் மூன்று நாலு நாள் ‘வீட்டுக்குத் தூரம்’ என்று நம் பாட்டிமார் ஒதுங்கி உட்கார்ந்தார்களே, அந்த வழக்கம் அங்கே பல வீடுகளில் நடைமுறையில் இருக்கிறது. நாட்டின் மேற்குக் கோடியில் பெண்களைத் தனிக் குடிசைக்கே அனுப்பும் ‘சௌபடி’ கொடுமையை 2005-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017-ல் இயற்றிய சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மற்ற இடங்களில் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அடுப்பங்கரைப் பக்கம் வராதே, பூஜை அறையைத் தொடாதே என்பது சாதாரணம். அமெரிக்க யுவதியிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஆமாவுக்குக் கூச்சம். கடைசியில் வீட்டுப் பெண்ணை விட்டுச் சொல்லச் சொல்வாள். சிலர் பேசாமல் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் அந்த நாட்களை வீட்டில் சொல்லுவதே இல்லை!

சோறும் தண்ணீரும்

சாப்பாடு தினம் இரண்டு வேளை, காலை ஒன்பது பத்து மணிக்கு ஒன்று, இரவு ஏழு எட்டு மணிக்கு ஒன்று. இரண்டு வேளையும் தால்-பாத்; அதாவது பருப்பும் சோறும். கூட ஒரு காய்கறி, ஒரு துளி ஊறுகாய். கீரையைப் புளிக்கவைத்துக் காயப்போட்ட ‘குந்த்ருக்’ என்ற குழம்புச் சரக்கும், நம் கேழ்வரகுக் களி போன்ற ‘டிண்டோ’வும் நடுநடுவே வரும். இடையில் டீ, சோளப்பொரி. நாம் வருஷம் பூராவும் சோறு சாப்பிடுகிறவர்கள்; நமக்கு இதில் ஒன்றும் தோன்றாது. தினம் ஒரு தினுசாகச் சாப்பிட்டுப் பழகியவருக்கு அறுபதாவது நாள் அதே தட்டு வரும்போது கண்ணில் நீர் வராத குறைதான்.

அதைவிடப் பெரிய கஷ்டம் அளவு. ஆமா குவித்துப் போடுவாள். தட்டு காலியானால் மறுபடியும் போடுவாள். ‘புக்யோ’ என்றால் ‘போதும்’. அதை வாயால் சொன்னால் மட்டும் செல்லாது. தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்துக் கவிழ்க்க வேண்டும். இவர் போதும் என்று எழுந்தால், சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் வருந்துவாள். வற்புறுத்தினாளே என்று மூன்றாம் முறையும் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு ஒரு விஷயம் வெகு நாள் கழித்துத்தான் கண்ணில் படும். புவா, குழந்தைகள், விருந்தாளி எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பானையில் என்ன மிச்சமோ அதைத்தான் ஆமா சாப்பிடுகிறாள். அதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து இரண்டாம் சோறோடு கையைக் கவிழ்த்துவிடுகிறவர்கள் உண்டு.

தண்ணீர் விஷயத்தில் வருத்தம் இன்னும் ஆழமானது. மலை ஊற்றுத் தண்ணீரை வீட்டார் அப்படியே குடிப்பார்கள். இவர் குடித்தால் வயிற்றில் கிருமி சேர்ந்து ஒரு வாரம் படுக்க வேண்டியதுதான். காய்ச்சாத, வடிகட்டாத தண்ணீரைத் தொடாதே என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருக்கிறார். வெயிலில் வந்தவருக்கு ஆமா ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டுகிறாள். வேண்டாம் என்கிறார். நம் ஊரில் ஒருவர் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? அங்கேயும் அதே அர்த்தம்தான். பழைய சட்டப்படி, இவர் கைத் தண்ணீரைத்தான் அவள் வாங்கக் கூடாது. இன்றோ அவள் கைத் தண்ணீரை இவர் வேண்டாம் என்கிறார்! வயிற்றைக் காட்டி, டாக்டரைக் காட்டி, எப்படியோ புரியவைக்கிறார். இரண்டு பேருக்கும் பொதுவாக டீ வந்து காப்பாற்றுகிறது. அது கொதித்தது அல்லவா!

இத்தனை ஜாக்கிரதைக்குப் பிறகும் வயிற்றுப் போக்கு வராமல் இராது. இரவு இரண்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி, நாய் குரைக்க, கொல்லைப்புறக் கக்கூசுக்குப் போய்வரும் பிள்ளைக்காக ஆமாவும் விளக்கேற்றி விழித்திருப்பாள். காலையில் சாதம் குழைய வடித்து, உப்புப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பாள். பாஷை வந்ததும் வராததும் அன்று ஒரு பொருட்டல்ல. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகுதான் பல பேர் ‘தன்யவாத்’ சொல்வதை நிறுத்துகிறார்கள்.

‘ஏக்லை?’

அமெரிக்கருக்குத் தனியாக ஓர் அறை, தாழ்ப்பாள் போட்ட கதவு, கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருப்பது எல்லாம் ஆகாரம் மாதிரி அவசியம். மலை வீட்டில் தாழ்ப்பாள் இருக்கலாம். அதைப் போடுவதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும். மாலையில் அறைக்குள் போய்ப் புத்தகம் படித்தால் பத்து நிமிஷத்தில் கதவைத் தட்டுவார்கள். உடம்பு சரியில்லையா? ஊர் நினைவா? யாராவது திட்டினார்களா? தனியாக நடக்கப் போனால் வழியில் பார்க்கிறவர்களெல்லாம் ‘ஏக்லை?’ என்பார்கள். ‘தனியாகவா?’ என்று அர்த்தம். அதில் குற்றம் சாட்டுவது கொஞ்சமும் இல்லை, இரக்கம்தான். கடைசியில் வீட்டுப் பையன் ஒருவனைத் துணைக்கு அனுப்பிவிடுவார்கள்.

கேள்விகளும் அப்படித்தான். சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை, சம்பளம் எவ்வளவு? இதெல்லாம் ஒருவர் சொந்த விஷயத்தில் தலையிடுவது என்று முதலில் கோபம் வரும். ‘சாப்பாடு ஆயிற்றா’ என்பது வணக்கம் சொல்லும் ஒரு வழி என்பது மெள்ள மெள்ளத் தெரியும். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேராகத் தங்கிக் காலம் தள்ளிய நம்மில் பலருக்கு, தனிமை வேண்டும் என்று ஒருவர் ஏங்குவதே ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அதைச் சிரிக்கக் கூடாது. அவரவர் வளர்ந்த விதம்.

சம்பளக் கேள்விக்கு இவர் பதில் சொல்லத் திணறுவதற்குக் காரணம் இருக்கிறது. இவருக்குச் சம்பளம் கிடையாது. உள்ளூர்க்காரரைப்போல் வாழ்வதற்கு ஒரு படிப்பணம்தான். அதை யாரும் நம்புவதில்லை. அமெரிக்காவிலிருந்து இவ்வளவு தூரம் சும்மாவா வருவான்? தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை. நம் ஊர்களில் ‘பேயிங் கெஸ்ட்’ என்கிறோமே, அதே கணக்குத்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுக்கிற பணம் அரிசிக்கும் பருப்புக்கும் சரி. இரவு இரண்டு மணிக்கு விளக்கேற்றி உட்கார்ந்ததற்கு எந்தக் கணக்கில் பணம்? பயிற்சியில் பாதியை அந்த வீட்டுப் பெண்பிள்ளைதான் நடத்துகிறாள். அவள் பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

தொழுவத்தின் மேல் ஒரு பரண்

அப்படிப்பட்ட ஒருத்தியின் பெயர் மட்டும் புத்தகத்தில் ஏறியது. 1970-களில் ப்ராட்டன் கோபர்ன் என்ற அமெரிக்க வாலிபர் இதே தொண்டர் படையில் ஆசிரியராக நேபாளம் வந்தார். மலைக் கிராமம் ஒன்றில், விஷ்ணு மாயா குரூங் என்ற முதிய விதவையின் எருமைத் தொழுவத்துக்கு மேலே இருந்த பரணை வாடகைக்குப் பிடித்தார். கிழவிக்கு எழுத்துப் படிப்பு கிடையாது. ஆனால் விதைப்பு, அறுப்பு, பேய், சாமி, சாவு, மறுபிறவி என்று எதைக் கேட்டாலும் பேசுவாள். வாடகைக்கு வந்தவன் நாளடைவில் பிள்ளையானான். அவளை ‘ஆமா’ என்றே அழைத்தான். அவள் பேச்சையும் தான் எடுத்த படங்களையும் சேர்த்து 1982-ல் ‘நேபாளி ஆமா’ என்று ஒரு புத்தகம் வெளியிட்டான்.

கதை அதோடு முடியவில்லை. 1988-ல், 84 வயதான அந்த ஆமாவைக் கோபர்ன் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு போனார். இப்போது விருந்தாளி அவள், வீட்டுக்காரர் அவர். அந்தப் பயணத்தைப் பற்றி 1995-ல் இன்னொரு புத்தகம் வந்தது. ஒரு காலத்தில் அவள் ஊரில் அவருக்கு ஒன்றும் புரியாமல் இருந்தது. இப்போது அவர் ஊரில் அவளுக்கு ஒவ்வொன்றையும் அவர் விளக்க வேண்டியிருந்தது. கிராமத்திலிருந்து அம்மாவை மாதுங்காவுக்கோ தாராவிக்கோ அழைத்து வந்து, லிப்டு, எலெக்டிரிக் டிரெயின் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒத்துவராமல் வீடு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் முடியுமுன்பே ஊர் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

போனவனின் அறை

மூன்று மாதப் பயிற்சி முடிந்ததும் பிரமாணம் எடுத்துக்கொண்டு, தொண்டர் வேறொரு மாவட்டத்துக்குப் போகிறார். ஆமா வறுத்த சோளமும் சோயாவும் மூட்டை கட்டிக் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்புகிறாள். புது ஊரில் புது வீடு, வேறொரு ஆமா, தலையில் இடிக்க வேறொரு நிலை.

அந்த வீட்டிலும் அவருக்குக் கொடுப்பது அநேகமாக ஒரு மகனின் அறைதான். ரஞ்சித் சிங்கின் பட்டாளத்தில் சேர மலைப் பையன்கள் லாகூருக்குப் போன காலத்திலிருந்து, பிழைக்க வெளியூர் போகிறவனுக்கு நேபாளத்தில் ‘லாகுரே’ என்று பெயர். லாகூர் போய் கூர்க்கா ரெஜிமெண்ட் வந்தது. பிறகு மும்பை, டில்லி. இப்போது கத்தார், துபாய், மலேசியா. 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியா வர விசா தேவையில்லை. 2021 ஜனத்தொகைக் கணக்குப்படி, 3 கோடி பேர்கூட இல்லாத அந்த நாட்டில் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்குக்குச் சமம்.

எனவே அந்த வீட்டில் ஒரு விசித்திரமான கணக்கு நடக்கிறது. பணத்துக்காக மகன் பாலைவனத்துக்குப் போயிருக்கிறான். பணம் வேண்டாம் என்று உலகத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தவன் அவன் கட்டிலில் படுத்திருக்கிறான். அவன் தூக்க வேண்டிய புல்லுக்கட்டை இவன் தூக்கிப் பார்க்கிறான். பாதி வழியில் சரிகிறது. ஊரே சிரிக்கிறது, ஆமாவும் சிரிக்கிறாள். மாடியில் விளக்கு எரிவது அவளுக்கு ஓர் ஆறுதல். சில நாள் அதுவே வருத்தத்தையும் கிளறிவிடும்.

தசைன் என்று அவர்கள் சொல்லும் தசரா பண்டிகைக்கு, அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்து வீட்டுப் பெரியவர்கள் நெற்றியில் அப்பி ஆசீர்வாதம் செய்வார்கள். முளைப்பாரி போன்ற பார்லிப் பயிரைத் தலையில் வைப்பார்கள். வரிசையில் அமெரிக்கப் பிள்ளையும் உட்கார்ந்திருப்பார். அடுத்த சில வாரத்தில் தீபாவளி. அவர்களுக்கு அது திஹார். ஐந்து நாள் பண்டிகை. கடைசி நாள் ‘பாயி டீக்கா’, சகோதரனுக்குச் சகோதரி செய்யும் பூஜை. பூஜை முடியும்வரை உபவாசமிருக்கும் பெண், அண்ணன் தம்பிகளைச் சுற்றி எண்ணெயால் வளையம் போட்டு, எமன் வாராதிருக்க வாசலில் அக்ரூட் கொட்டையை உடைத்து, நெற்றியில் ஏழு வண்ணத்தில் பொட்டு வைப்பாள். கழுத்தில் போடும் மாலை மகமலிப் பூ. நம் ஊர் வாடாமல்லிதான் அது.

வீட்டுப் பெண் முதலில் போனைச் சுவரில் சாய்த்து வைக்கிறாள். கத்தாரில் இருக்கும் அண்ணன் முகம் அதில் தெரிகிறது. வேலைக்குப் புறப்படும் அவசரம். அந்தக் கண்ணாடியில் பொட்டு வைப்பது போல் விரலைக் காட்டுகிறாள். பிறகு பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் அமெரிக்க அண்ணனிடம் திரும்பி, ஏழு வண்ணத்தையும் நிஜமாகவே வைக்கிறாள். சகோதரிக்குப் பதில் மரியாதை செய்வது வழக்கம். தம் படிப்பணத்தில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயை அவர் தட்டில் வைக்கிறார். கத்தார் அண்ணன் அனுப்பியது போன வாரமே பாங்கிக்கு வந்துவிட்டது.